மென்மையான திசுவுக்கு எந்த ஃபோர்செப்ஸ்? எங்கள் பக்கத்துச் சிறிய ஆபரேஷன் தியேட்டர்களுக்கு ஓர் ஒப்பீடு

தர்மபுரி, பாலக்கோடு, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கிற இருபது, முப்பது படுக்கை மருத்துவமனைகளில் தியேட்டர் வேலை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு, குடலிறக்கம், அப்பெண்டிக்ஸ், விரைவீக்கம், அவ்வப்போது ஒரு தைராய்டு. அதற்கு மேல் போனால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, 2022இல் திறந்த கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரிக்கோ, சேலத்துக்கோ, பெங்களூருக்கோ அனுப்பிவிடுவார்கள். இப்படி ஒரு தியேட்டரில் தேய்ந்துபோன ஃபோர்செப்ஸை (அறுவையில் திசுவைப் பிடிக்கிற இடுக்கி) எல்லாம் கழித்துவிட்டுப் புதிதாக வாங்க ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சர்ஜிக்கல் கடைக்காரர் கொடுக்கும் கேட்டலாக்கில் பார்க்க ஒன்று போலவே இருக்கும் சாமான் பத்து வடிவில், ஐந்து விலையில் இருக்கும். எதை எடுப்பது?

ட்ரே போட்டுக் கொடுப்பது, கழுவுவது, எண்ணுவது, பழுதானதை ஒதுக்குவது என்று இந்தச் சாமான்களோடேயே நாளெல்லாம் இருக்கிறவள் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்திசுவுக்கு டிபேக்கி இரண்டு நீளத்தில், தோலுக்குப் பல் வைத்த ஆட்சன், கருக்குழாய்க்கும் குடலுக்கும் பாப்காக். இவை மூன்றும் ஃபோர்செப்ஸ் வகைகளின் பெயர். எல்லாம் நடுத்தர விலை இந்தியத் தயாரிப்பில், ஒவ்வொன்றையும் கையில் வாங்கிச் சோதித்த பிறகு. மிச்சம் பிடிக்கிற பணம் கழுவும் தண்ணீருக்கு. ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

திசுவை நசுக்கினால் என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஃபோர்செப்ஸின் முனை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். விரல் கொடுக்கிற அழுத்தம் முழுக்க அந்தச் சின்ன இடத்தில் இறங்குகிறது. அங்கே நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபட்டால் அந்தத் திசு செத்துப்போகும். செத்த திசு கிருமிக்கு நல்ல தீனி. தோல் விளிம்பு கறுப்பது, தையல் பிரிவது, குடலின் மேலுறை உரசுப்பட்ட இடத்தில் பின்னால் ஒட்டுதல் உண்டாவது, இதெல்லாம் அப்படி வருவதுதான். அமெரிக்க அறுவை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த விதிகளில் திசுவை மென்மையாகக் கையாள்வதும் ஒன்று. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த விதியில் மாற்றம் இல்லை.

வாங்குகிறவர்கள் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. மென்மையான இடத்துக்குப் பல் இல்லாத ஃபோர்செப்ஸ்தான் நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். தோல் விஷயத்தில் அது நேர்மாறு. பல் இல்லாத வழவழப்பான முனையால் தோலைப் பிடித்தால் ஈர சோப்பைப் பிடிக்கிற மாதிரி வழுக்கும். வழுக்க வழுக்கக் கை இன்னும் இறுக்கும். பல் வைத்தது இரண்டு மூன்று புள்ளியில் மட்டும் கொக்கி மாதிரி பிடித்துக்கொள்ளும், இறுக்கவே வேண்டாம். அதனால் தோலுக்கும் தோலடித் திசுவுக்கும் பல் வைத்ததே மென்மையானது. அதே பல்லைக் குடலிலோ ரத்தக் குழாயிலோ வைத்தால் ஓட்டை விழும். எனவே எந்தத் திசு என்று கேட்காமல் எந்த ஃபோர்செப்ஸ் மென்மையானது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

டிபேக்கிக்கு வருகிறேன். ஹூஸ்டனில் இருந்த இதய, ரத்தக்குழாய் அறுவை நிபுணர் மைக்கேல் டிபேக்கி (1908–2008) பெயரால் வழங்குவது. சின்ன வயதில் அம்மாவிடம் தையல் கற்றுக்கொண்டவர். பின்னாளில் டேக்ரான் துணியைத் தையல் மெஷினில் தைத்து செயற்கை ரத்தக் குழாய் செய்தவரும் அவரே. அவர் பெயரில் உள்ள ஃபோர்செப்ஸின் முனையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு தாடையில் நீளவாக்கில் இரண்டு வரிசை நுண்பற்கள் இருக்கும், நடுவில் ஒரு பள்ளம். எதிர்த் தாடையில் ஒரே வரிசை. மூடும்போது அந்த ஒற்றை வரிசை இந்தப் பள்ளத்தில் போய் உட்காரும். பற்கள் திசுவைக் குத்துவதில்லை, நெடுக ஒரு கோட்டில் அழுத்தம் பரவுகிறது. ரத்தக் குழாய்ச் சுவரை விடாமல், கிழிக்காமல் பிடிக்கச் செய்தது இப்போது குடல், வயிற்று உறை, சிறுநீர்ப்பை மடிப்பு, தைராய்டு வரை எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது.

எங்கள் மாதிரித் தியேட்டருக்கு முனை அகலம் 2 மில்லிமீட்டர் உள்ளது போதும். 1.5 மில்லிமீட்டர் சின்னப் பிள்ளைகளுக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்க்கும் நன்றாக இருக்கும், ஆனால் முரட்டுக் கையில் சீக்கிரம் வளைந்துவிடும். நீளத்தில் 15 சென்டிமீட்டர் ஒன்று, 20 சென்டிமீட்டர் ஒன்று. பருமனான உடம்பில் இடுப்புக்குழிக்குள் வேலை வரும் என்றால் 24 சென்டிமீட்டரும் ஒன்று வைத்துக்கொள்ளலாம். 30 சென்டிமீட்டர் நமக்கு எதற்கு?

டிபேக்கிக்கும் குறை உண்டு. தோலுக்கு அது ஆகாது. கெட்டியான தசையுறையைப் பிடித்து இழுத்தால் வழுக்கும். எல்லாவற்றையும்விட, அதால் தையல் ஊசியைப் பிடிக்கக் கூடாது. தையல் போடும்போது கையில் எது இருக்கிறதோ அதாலேயே ஊசியை வாங்கிக்கொள்வது பல டாக்டர்களுக்குப் பழக்கம். வளைந்த ஊசியின் கெட்டி உலோகம் அந்த நுண்பற்களில் அழுந்தி அழுந்தி வரிசையின் நடுவில் ஒரு மழுங்கல் விழும். பார்வைக்குத் தெரியாது, திசு வழுக்கும்போதுதான் தெரியும். ஊசி வாங்கவும் தசையுறை தைக்கவும் பானி மாதிரிப் பல் வைத்த கனமான ஃபோர்செப்ஸ் ஒன்றை ட்ரேயில் கூடவே வைத்துவிட்டால் டிபேக்கியின் ஆயுள் எவ்வளவோ கூடும்.

ஆட்சன், மாயோ கிளினிக்கின் நரம்பியல் அறுவை நிபுணர் ஆல்ஃப்ரெட் ஆட்சன் பெயரில் உள்ளது. 12 சென்டிமீட்டர் நீளம், கட்டைவிரல் படுகிற இடம் அகலமாக, முனை திடீரென்று ஒடுங்கி வரும். அந்த அகலத்தால்தான் விரலுக்கு நல்ல பிடிமானம், நுட்பமாக வேலை செய்ய முடிகிறது. மூன்று விதத்தில் கிடைக்கும்: ஒரு பக்கம் ஒரு பல், மறுபக்கம் இரண்டு பல் உள்ளது, வரிக்கோடு மட்டும் போட்ட பல் இல்லாதது, இரண்டு பக்கமும் வரிசையாகக் குறும்பல் வைத்த ஆட்சன் பிரவுன். சிசேரியன் தோல் தையலுக்கு முதலாவது. பிரவுன் திசுவை நன்றாகப் பிடிக்கும், ஆனால் இரண்டு வரிசைப் பல்லுக்கிடையில் ரத்தம் உறைந்து உட்கார்ந்துகொள்ளும். பிரஷ் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆள் இல்லாத இடத்தில் அதை வாங்க நான் சொல்லமாட்டேன். பல் இல்லாத ஆட்சன், கட்டு மாற்றவும் மெல்லிய நூலைப் பிடிக்கவும் ஒன்று இருந்தால் போதும்.

மெக்கின்டோ என்று இன்னொன்று உண்டு, 15 சென்டிமீட்டர், பல் இல்லாதது. இரண்டாம் உலகப் போரில் தீக்காயம் பட்ட விமானப்படை வீரர்களுக்கு இங்கிலாந்தில் முகம் சீரமைத்த ஆர்ச்சிபால்ட் மெக்கின்டோவின் பெயர். தோல் ஒட்டு வேலை செய்கிற இடத்துக்கு அருமையான சாமான். எங்கள் பட்டியலில் டிபேக்கி 15 வந்துவிட்டால் இதற்குத் தனியாக வேலை குறைவு.

இதுவரை சொன்னது கை விட்டால் திறந்துகொள்கிற வகை. பூட்டு வைத்துப் பிடித்தபடியே நிற்கிற வகையில் போட்டி பாப்காக்குக்கும் ஆலிஸுக்கும். இரண்டும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான். ஆலிஸின் நுனியில் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் கூரிய பற்கள், பாப்காக்கின் நுனியில் மழுங்கிய விளிம்பும் நடுவே ஒரு சாளரமும். கருக்குழாயையோ அப்பெண்டிக்ஸையோ பாப்காக் சுற்றி அணைத்துக்கொள்ளும், சதை அந்தச் சாளரத்துக்குள் உப்பி நிற்கும், நசுங்காது. ஆலிஸ், வெட்டி எடுக்கப்போகிற திசுவுக்கும் கெட்டி உறைக்கும். குடும்பக் கட்டுப்பாட்டு ட்ரேயில் பாப்காக் இல்லாமல் ஆலிஸை வைத்து ஒப்பேற்றுவது நடக்கிறது. கருக்குழாய் கிழிந்து ரத்தம் கசிந்தால் இரண்டு அங்குல வெட்டுக்குள் அதைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு பதற்றம் என்று பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். இந்த ஒரு இடத்தில் சிக்கனம் கூடவே கூடாது.

சிசேரியனில் கர்ப்பப்பை விளிம்புக்கு கிரீன் ஆர்மிடேஜ் என்று அகன்ற நுனி உள்ள ஃபோர்செப்ஸ் தனியாக இருக்கிறது. கல்கத்தா ஈடன் மருத்துவமனையில் வேலை பார்த்த மகப்பேறு மருத்துவரின் பெயர் அது. ரத்தம் கசிகிற விளிம்பை அகலமாக அழுத்திப் பிடிப்பதால் கசிவும் நிற்கும், தசையும் கிழியாது. சிசேரியன் அதிகம் செய்கிற இடம் என்றால் நான்கு எடுங்கள்.

சரி, வடிவம் முடிவாயிற்று. அடுத்து விலை. ஒரே டிபேக்கி சில நூறு ரூபாய்க்கும் உண்டு, பல ஆயிரத்துக்கும் உண்டு. உயர்ந்த விலையில் ஜெர்மனியின் டுட்லிங்கன் நகரத்துத் தயாரிப்பு. தலைமுறை தலைமுறையாக அறுவைக் கருவி செய்கிற ஊர். நம் நாட்டில் ஜலந்தர், மேற்கு வங்கத்தின் பருய்ப்பூர் மாதிரி ஊர்களில் செய்கிறார்கள். கடையில் "சிஸ்டர், இது ஜெர்மன் ஸ்டீல்" என்பார்கள். சாமானில் அப்படி முத்திரையும் இருக்கும். ஸ்டீல் ஜெர்மனியிலிருந்து வந்தது என்று அதற்கு அர்த்தம் இருக்கலாம், சாமான் ஜெர்மனியில் செய்தது என்று அர்த்தமில்லை. பில்லில் தயாரிப்பாளர் பெயரும், நாடும், ஸ்டீல் ரகமும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர யோசிக்கிற இடத்தில் வாங்க வேண்டாம்.

ரகம் 420 என்று இருந்தால் நல்லது. 12 முதல் 14 சதவீதம் குரோமியம் உள்ள, சூடேற்றிக் கெட்டிப்படுத்தக்கூடிய ஸ்டீல் அது. காந்தம் ஒட்டும். சமையல் பாத்திரத்துக்குப் போடும் 304 ரகத்தை அப்படிக் கெட்டிப்படுத்த முடியாது, காந்தமும் சரியாக ஒட்டாது. அதில் செய்த ஃபோர்செப்ஸ் கொஞ்ச நாளில் ஸ்பிரிங் தளர்ந்து வாய் மூடாமல் நிற்கும். பையில் ஒரு சின்னக் காந்தம் போட்டுக்கொண்டு கடைக்குப் போவதில் தவறே இல்லை.

கடையில் உட்கார்ந்தே செய்யக்கூடிய சோதனை இன்னும் மூன்று உண்டு. முதலில் மெல்ல மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நுனி முதலில் தொட வேண்டும், அப்புறம் அழுத்த அழுத்தத் தாடை பின்னோக்கிச் சேர வேண்டும். நன்றாக இறுக்கும்போது நுனி மறுபடி பிரிந்து வாயைத் திறந்தால் அதன் கை மெலிசு, வேண்டாம். இரண்டாவது, முனையைச் சுற்றிலும் கொஞ்சம் பஞ்சால் நீவிவிடுங்கள். எங்கேயாவது பஞ்சு இழை மாட்டிக்கொண்டு நின்றால் அங்கே பிசிறு இருக்கிறது. திசுவும் அங்கேதான் மாட்டும். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. பழைய கையுறையின் விரல் பகுதியை இழுத்துப் பிடித்து, டிபேக்கியால் சாதாரணமாகப் பிடித்து லேசாக இழுத்துவிட்டு, அந்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். கோடு மாதிரித் தடம் இருக்கலாம். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்தச் சோதனைகளில் நடுத்தர விலை இந்தியச் சாமான்கள் பல தேறிவிடுகின்றன. ஆனால் ஒரே பெட்டியில் ஒன்று தேறும், பக்கத்தில் இருப்பது தேறாது. ஜெர்மன் சாமானுக்குக் கொடுக்கிற கூடுதல் விலை பெரும்பாலும் இதற்குத்தான். பத்து எடுத்தால் பத்தும் ஒன்று போல இருக்கும். பொறுக்கி எடுக்கப் பொறுமையும், பொறுக்க விடுகிற கடைக்காரரும் கிடைத்தால் அந்த வித்தியாசத்தைப் பெருமளவு குறைத்துவிடலாம். சேலத்திலோ பெங்களூரிலோ நேரில் போய் எடுங்கள். ஆன்லைனில் படம் பார்த்து ஃபோர்செப்ஸ் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. தைராய்டு அதிகம் செய்கிற டாக்டர் இருந்தால் அவருக்கு மட்டும் ஒரு டுட்லிங்கன் டிபேக்கி வாங்கிக் கொடுப்பது நியாயமான செலவு.

மேற்பூச்சில் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு ஒரு வகை, மங்கலான சாட்டின் இன்னொரு வகை. பளபளப்பில் கறை பிடிப்பது சற்றுக் குறைவு, ஆனால் தியேட்டர் விளக்கு அதில் பட்டுக் கண் கூசும். நுண்ணிய வேலைக்கு சாட்டின்.

டைட்டானியம் பற்றிக் கேட்பார்கள். நீல நிறத்தில் அழகாக இருக்கும், எடை ஸ்டீலில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம், துருப் பிடிக்காது. கண் அறுவைக்கும் மைக்ரோஸ்கோப் வேலைக்கும் அந்த எடைக்குறைவு உண்மையிலேயே உதவும். பொது அறுவைத் தியேட்டரில் அவ்வளவு விலை கொடுக்கக் காரணம் இல்லை. ஒருமுறை உபயோகித்து எறிகிற ஃபோர்செப்ஸ் வார்டில் கட்டு மாற்றச் சரி. வயிற்றுக்குள் வைக்கிற வேலைக்கு பிளாஸ்டிக் முனையை நம்ப முடியாது. ஸ்டீலில் எறிகிற வகையும் வருகிறது, ஒவ்வொரு கேஸுக்கும் அந்தச் செலவை நம் நோயாளிகள் தலையில் ஏற்றுவது சரியில்லை. குப்பையும் கூடும்.

இனித் தண்ணீர். எங்கள் மாவட்டத்துத் தண்ணீர் என்றால் எல்லோருக்கும் ஃப்ளோரைடுதான் நினைவுக்கு வரும். பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட ஊர்கள் எத்தனையோ. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் காவிரித் தண்ணீர் ஓடத் தொடங்கியது. ஆனால் பல மருத்துவமனைகளில் காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். தியேட்டர் சிங்க்கில் வருவது மாடித் தொட்டியில் ஏற்றிய போர்வெல் தண்ணீர். ஃபோர்செப்ஸைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது அதில் இருக்கும் உப்பு, முக்கியமாக குளோரைடு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பாற்றுவது அதன் மேல் தானாகப் படர்கிற குரோமியம் ஆக்சைடு படலம். குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாக உடைக்கும். அங்கிருந்து உள்ளே குழி விழும். அந்தக் குழியில் ரத்தம் தங்கினால் பிரஷ் எட்டாது. கழுவிப் போகாத அழுக்குக்கு அடியில், கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவ் நீராவியையும் நம்ப முடியாது.

குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 1000 வரைகூடப் பரவாயில்லை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். குடிக்கிறவருக்குச் சரி, சூட்டில் காய்ந்து உப்பு மேலேயே தங்கிவிடுகிற கருவிக்குச் சரியில்லை. நார்மல் சலைனில் எவ்வளவு தெரியுமா? லிட்டருக்கு ஏறத்தாழ 5,500 மில்லிகிராம். அறுவை நடுவில் ஃபோர்செப்ஸை சலைன் கிண்ணத்தில் போட்டுவைக்கும் பழக்கம் எவ்வளவு விலையுள்ள சாமானையும் கெடுத்துவிடும். வைப்பதானால் டிஸ்டில்ட் வாட்டரில் வையுங்கள். அதே மாதிரி கிருமி கொல்லப் போடுகிற ஹைப்போகுளோரைட் கரைசல். 10 நிமிடம் என்று சொல்லிக்கொடுத்ததை நைட் டியூட்டியில் ஊறப்போட்டுக் காலையில் எடுக்கிறார்கள். மறுவாரம் முனையில் பழுப்புப் புள்ளி. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பேச்சு வரும், அவர் மேல் தப்பே இருக்காது.

பழுப்பாகத் தெரிகிறதெல்லாம் துருவும் இல்லை. பென்சில் ரப்பரால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். போய்விட்டு அடியில் வழவழப்பாக இருந்தால் கறை. தேய்த்த இடத்தில் சின்னக் குழி தெரிந்தால் துரு, அதை ட்ரேயிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதைப் புதுசுகளோடு ஒரே டிரம்மில் போட்டால் துருத்துகள் மற்றவற்றின் மேலும் ஒட்டும். புது ஃபோர்செப்ஸ் வாங்கிய வாரத்திலேயே பழைய, முலாம் உரிந்த சாமான்களை வெளியேற்றச் சொல்வது இதனால்தான். வெள்ளையாகப் படிந்திருந்தால் அது கடினநீர்ச் சுண்ணாம்பு.

ஆகவே ஒரு சிறிய ஆர்.ஓ. மெஷின், தியேட்டருக்கென்றே தனியாக. முதல் அலசல் குழாய்த் தண்ணீரில் இருக்கலாம். அப்புறம் என்சைம் கரைசல், மென்மையான நைலான் பிரஷ், பாப்காக்கின் பூட்டையும் மூட்டையும் திறந்து வைத்து. கடைசி அலசல் மட்டும் ஆர்.ஓ. தண்ணீரில். ஆட்டோகிளேவுக்கு ஊற்றுவதும் அதுவே. நூல் உதிராத துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே பேக் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கேஸ் என்றால் இதற்குச் சில குடம் தண்ணீர்தான் ஆகும். ஒரே தொகையில் நான்கு ஜெர்மன் டிபேக்கியும் போர்வெல் தண்ணீரும், அல்லது எட்டு இந்திய டிபேக்கியும் ஆர்.ஓ. தண்ணீரும் என்று கொடுத்தால் நான் யோசிக்காமல் இரண்டாவதை எடுப்பேன். எட்டு இருந்தால் இரண்டு செட் சுழலும். அவசர சிசேரியன் வரும்போது ஈரம் காயாத சாமானை ஓட்டமாக ஆட்டோகிளேவில் போட வேண்டிய நிலை வராது.

முதல் ஆர்டரில் எல்லாவற்றையும் வாங்கிவிடவும் வேண்டாம். ஒரு செட் எடுத்து, டாக்டர்கள் கையில் கொடுத்து, உங்கள் தண்ணீரில், உங்கள் ஆட்டோகிளேவில் ஒரு மாதம் ஓட்டுங்கள். பஞ்சு, கையுறை, ரப்பர் மூன்று சோதனையையும் மறுபடி செய்யுங்கள். தேறினால் அதே தயாரிப்பாளரிடம், அதே ரகத்தில் இரண்டாவது செட்டுக்குச் சொல்லுங்கள். பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.